மூன்றாம் ஆண்டிலும் பூக்கும் லில்லி

ஐப்பசி பிறந்ததும் தில்லி, சண்டிகர், லக்னோ போன்ற நகரங்களின் நர்சரிகளில் லில்லிக் கிழங்குகள் விற்பனைக்கு வந்துவிடுகின்றன. தெற்கே இருப்பவர்களுக்கு இணையக் கடைகள் அவற்றை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து சேர்க்கின்றன. தென்னை நார்க்கழிவு நிரப்பிய சிறு பையில் இரண்டு அல்லது மூன்று கிழங்குகள் இருக்கும். மேலே ஒட்டிய அட்டையில், உள்ளங்கை அகலத்துக்கு விரிந்த ஒரு பூவின் வண்ணப்படம். எந்த லில்லியை வளர்க்கலாம் என்ற கேள்விக்கு நம்மில் பெரும்பாலோர் அந்தப் படத்தைப் பார்த்தே விடை காண்கிறோம். அழகைப் பார்த்து வாங்குவதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆயினும், ஒரு லில்லியை நமக்கு விருப்பமான லில்லி என்று சொல்லிக்கொள்ளும் முன்னர், மூன்றாம் ஆண்டிலும் அது நம் தோட்டத்தில் பூக்குமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. இந்தக் கேள்வியைக் கேட்டவுடன், அட்டைப்படத்து லில்லிகளில் பல பட்டியலிலிருந்து தாமே விலகிவிடும்.

இதற்கான காரணத்தை வங்கி வாடிக்கையாளர்களுக்கு விளக்குவது எளிது. குமிழ்க்கிழங்கு என்பது செடியின் சேமிப்பு. இலைகள் வெயிலில் உழைத்து ஈட்டிய மாவுச்சத்து முழுவதும் மண்ணுக்கடியில் அந்தக் கிழங்கில் இருப்பாகச் சேர்கிறது. அடுத்த பருவத்தில் எழும் தண்டும் மொட்டும் அந்த இருப்பிலிருந்து எடுக்கப்படும் செலவு. நாம் வாங்கிவரும் லிலியம் கிழங்குகளில் பெரும்பாலானவை நெதர்லாந்தின் வயல்களில் சில ஆண்டுகள் வளர்ந்து பருத்தவை. அங்குள்ள குளிர்ந்த கோடையில் அவற்றின் இலைகள் மாதக்கணக்கில் உழைத்துச் சேர்த்த செல்வத்தைத்தான் நம் வீட்டுத் தொட்டியில் முதலாண்டுப் பூவாகக் காண்கிறோம். நட்டுத் தண்ணீர் ஊற்றினால் அனேகமாக எவர் வீட்டிலும் அது பூத்துவிடும். அந்தப் பூவைக் கண்டு, நமக்கு லில்லி வளர்க்கத் தெரிந்துவிட்டது என்று மகிழ்கிறோம். நாம் செய்ததோ பிறர் போட்ட பணத்தை எடுத்துச் செலவிட்டது மட்டுமே.

இரண்டாம் ஆண்டுப் பூதான் நம்முடையது. அதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. பூ உதிர்ந்த பின்னும் இலைகள் சில மாதங்கள் பசுமையாக நின்று கிழங்கை நிரப்ப வேண்டும். அதன் பிறகு கிழங்குக்குச் சுமார் 6 முதல் 8 வாரங்கள் வரை, 2 முதல் 5 டிகிரி செல்சியஸ் அளவிலான குளிர் கிடைக்க வேண்டும். தில்லியில் ஐப்பசி, கார்த்திகையில் நட்ட ஏசியாடிக் லில்லி மாசியில் பூக்கிறது. சித்திரை வெயில் வந்ததும் இலைகள் கருகிவிடுகின்றன. வரவு வந்து சேரும் முன்பே கணக்கு மூடப்படுகிறது. தோண்டிப் பார்த்தால், நட்டபோது எலுமிச்சைக்கு மேல் பருமனாக இருந்த கிழங்கு பூண்டுப் பல் அளவுக்குச் சுருங்கியிருக்கும். சென்னையிலோ மதுரையிலோ குளிர் என்ற இரண்டாவது நிபந்தனைக்கு வாய்ப்பே இல்லை. பெங்களூரு இதமான ஊர்தான். ஆனால் லிலியம் கேட்கும் குளிர் அங்கும் கிடைப்பதில்லை.

கிழங்கைத் தோண்டியெடுத்து, ஈரமான நார்க்கழிவில் பொதிந்து, குளிர்சாதனப் பெட்டியின் காய்கறித் தட்டில் இரண்டு மாதம் வைத்திருந்து மீண்டும் நடுவோர் இருக்கிறார்கள். அவர்களுடைய பொறுமையைப் பாராட்டுகிறேன். அதே தட்டில் ஆப்பிளோ வாழைப்பழமோ இருந்தால் அவற்றிலிருந்து வெளிவரும் எத்திலீன் வாயு மொட்டைக் கெடுத்துவிடும் என்பதையும் அவர்கள் அறிந்திருப்பார்கள். எனக்கு அந்த வழியில் ஆர்வம் இல்லை. மின்தடை ஏற்பட்டால் பாலைப் பற்றிக் கவலைப்படுவது போதும், பூவைப் பற்றியும் கவலைப்பட வேண்டுமா?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பூங்கொத்து வாங்குவது போல, ஒரு பருவத்து மகிழ்ச்சிக்காக லிலியம் வாங்குவோரிடம் எனக்கு ஆட்சேபம் கிடையாது. ஓரியண்டல் லில்லியின் மணம் ஒரு கூடத்தையே நிறைக்கும்; ஏசியாடிக் வகைக்கு மணம் இல்லை, நிறம் உண்டு. தெரிந்து வாங்கும் செலவு அது. ஆண்டுதோறும் பூக்கும் என்று நம்பி வாங்கி ஏமாறுவதைத்தான் தவிர்க்க வேண்டும் என்கிறேன். அட்டையில் அந்த ஒரு வரியை அச்சிடும் விற்பனையாளரை நான் இதுவரை கண்டதில்லை.

லில்லி என்ற பெயரும் இந்தக் குழப்பத்துக்குத் துணைபோகிறது. அகராதியைப் புரட்டினால் அல்லி என்று போட்டிருக்கும். அல்லியோ குளத்தில் பூப்பது. லிலியத்துக்கும் அதற்கும் தாவர உறவு இல்லை. அலுவலக மேசைகளில் நிற்கும் பீஸ் லில்லி சேம்பின் குடும்பம். டே லில்லி கற்றாழைக்கு உறவு. கன்னா லில்லி என்று விற்கப்படும் கல்வாழை இஞ்சிக்குத் தூரத்துச் சொந்தம். மழை லில்லி, ஸ்பைடர் லில்லி, கிரைனம் ஆகியவை வெங்காயமும் பூண்டும் அடங்கிய அமரிலிஸ் குடும்பத்தைச் சேர்ந்தவை. உண்மையான லிலியம் பேரினத்தில் சுமார் 100 இனங்கள் உள்ளன. அத்தனையும் வட அரைக்கோளத்தின் குளிர்ந்த, மிதமான நிலங்களைத் தாயகமாகக் கொண்டவை. பெயருக்காக வழக்காட நான் வரவில்லை. மக்கள் லில்லி என்று அழைப்பதெல்லாம் இந்தக் கட்டுரையிலும் லில்லியே. ஆனால், வாங்கும்போது எந்த லில்லி என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நம் பணத்துக்கு நல்லது.

நம் நாட்டுக்கே உரிய லிலியங்களும் இருக்கின்றன. அவை வாழும் இடங்களைப் பார்த்தாலே அவற்றின் தேவை விளங்கிவிடும். மணிப்பூரின் உக்ருல் மாவட்டத்தில் உள்ள சிருய் மலையில் பூக்கும் சிருய் லில்லி அம்மாநிலத்தின் மாநில மலர். 1946ஆம் ஆண்டில் பிராங்க் கிங்டன் வார்டு என்ற ஆங்கிலேயத் தாவர வேட்டையாளர் அதனைக் கண்டு வெளியுலகுக்கு அறிவித்தார். அதன் தாவரவியல் பெயரில் அவருடைய மனைவி ஜீன் மெக்லினின் பெயர் நிலைத்திருக்கிறது. வெளிர் ரோஜா நிறத்தில், தலை கவிழ்ந்த மணியைப் போல மே, ஜூன் மாதங்களில் மலர்வது அது. அந்த மலையைவிட்டு வேறெங்கும் அது வாழாது என்று சொல்லப்படுவதுண்டு. ஆனால் ஸ்காட்லாந்தின் தோட்டங்களில் அதனை விதையிலிருந்து வளர்த்துப் பூக்கவைத்திருக்கிறார்கள். குளிரும் ஈரமும் மூடுபனியும் எங்கு கிடைத்தாலும் அது வாழும். அவை இல்லாத இம்பாலின் தாழ்நிலத் தோட்டத்தில் தவிக்கும்.

தமிழ்நாட்டவருக்கு அருகிலேயே ஒன்று உண்டு. நீலகிரி, பழனி மலைகளை உள்ளடக்கிய மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், உயர்ந்த சரிவுகளில் வளரும் நீலகிரி லில்லி, லிலியம் பேரினத்தின் தென்கோடி உறுப்பினர். நீண்ட வெண்ணிற எக்காளம் போன்ற அதன் பூ, தென்மேற்குப் பருவமழையின் பிற்பகுதியில் புல்வெளிகளில் தலைநீட்டும். அந்தப் புல்வெளிகளில் பெரும்பகுதியை யூகலிப்டஸும் வாட்டில் மரங்களும் விழுங்கிவிட்ட பிறகு, எஞ்சிய இடங்களில் அதைக் காண்பதே அரிதாகிவிட்டது. இமயத்தின் மேற்குப் பகுதியில் வாழும் மற்றொரு லிலியம், ஆயுர்வேதத்தில் க்ஷீரகாகோலி என்ற பெயரில் சியவனப்பிராசத்தின் அஷ்டவர்க்க மூலிகைகளுள் ஒன்றாகக் கிழங்குக்காகத் தோண்டப்பட்டு அருகிவருகிறது. சுற்றுலா சென்ற இடத்தில் ஒரு கிழங்கைப் பெயர்த்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு வருவோர், மலையில் ஒன்றைக் குறைப்பதோடு வீட்டிலும் ஒன்றைக் கொல்கிறார்கள்.

உதகை, கொடைக்கானல், சிம்லா, ஷில்லாங், ஸ்ரீநகர் ஆகிய ஊர்களில் வீடும் மண்ணும் உடையவர்கள் கொடுத்துவைத்தவர்கள். அவர்கள் தயங்காமல் லிலியம் வளர்க்கலாம்; நர்சரியில் பெருக்கிய கிழங்காக இருக்கட்டும். கிழங்குக்கு மேலேயும் தண்டிலிருந்து வேர் விடும் செடி என்பதால் 15 சென்டிமீட்டர் ஆழத்தில் நட வேண்டும். மண்ணில் நீர் தேங்கக் கூடாது. வெங்காயத்துக்கு இருப்பது போன்ற காய்ந்த மேல்தோல் லிலியத்துக்குக் கிடையாது. ஆகவே வாங்கிய கிழங்கை அலமாரியில் வைத்து உலரவிடாமல் உடனே நட்டுவிடுவது நல்லது. வீட்டில் பூனை இருந்தால் லிலியமும் டே லில்லியும் வேண்டவே வேண்டாம். அவற்றின் மகரந்தம் உடலில் பட்டு, பூனை அதை நக்கிவிட்டாலே சிறுநீரகம் செயலிழந்து இறக்கக்கூடும்.

சமவெளியில் வாழும் நமக்கு உரியவை எவை? தமிழ் வாசகர் பலரின் நினைவுக்கு முதலில் வருவது செங்காந்தளாகத்தான் இருக்கும். ஆங்கிலத்தில் அதற்கு குளோரி லில்லி என்று பெயர். தமிழ்நாட்டின் மாநில மலர். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிச் சொல்லும் மலர்களின் வரிசையில் முதலிடம் பெற்றது. பச்சையும் மஞ்சளுமாகத் தொடங்கி, நாளாக நாளாகச் சிவந்து, சுடர் போல மேல்நோக்கி வளையும் இதழ்கள். இலை நுனியையே பற்றுக்கம்பியாக்கி வேலியில் ஏறும் கொடி. அழகில் இதற்கு நிகரான லில்லி உலகில் இல்லை என்றே சொல்வேன். மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் வட்டாரங்களில் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் இதனைப் பந்தலிட்டுப் பயிர் செய்கிறார்கள். காலையில் பூப்பூவாகச் சென்று கையாலேயே மகரந்தச் சேர்க்கை செய்து விதை எடுக்கிறார்கள். கீல்வாத நோய்க்கு மருந்தாகும் கோல்ச்சிசின் அந்த விதையில் இருக்கிறது. செடி முழுவதிலும், குறிப்பாகக் கிழங்கில் இருப்பதும் அதே பொருள்தான். மருந்தின் அளவைத் தாண்டினால் உயிரைப் பறிக்கும் நஞ்சு அது. சிறு குழந்தைகளோ கால்நடைகளோ உள்ள வீட்டில், பழைய நினைவுகளுக்காகவும் இலக்கியப் பெருமைக்காகவும் இதனை நட வேண்டாம் என்று நான் வெளிப்படையாகவே சொல்வேன். பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீட்டில், வேலியின் ஓர் ஓரத்தில் அது ஏறிக்கொள்ளட்டும்.

பீஸ் லில்லி வெயில் படாத அறைக்கு ஏற்ற இலைச்செடி; அதனைத் தோட்டத்துக்கான பேச்சில் சேர்க்க வேண்டியதில்லை. நகராட்சிப் பூங்காக்களில் வரிசை வரிசையாக நிற்கும் ஸ்பைடர் லில்லியை எவரும் வளர்க்கலாம். எங்கும் பார்த்துப் பழகிவிட்டதால் அதன் அழகு நம் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். அமரிலிஸ் என்று விற்கப்படும் ஹிப்பியாஸ்ட்ரம், தென் அமெரிக்காவிலிருந்து வந்திருந்தாலும் நம் வெயிலோடு ஒத்துப்போய்விட்டது. மார்கழியில் நீரைக் குறைத்து ஓய்வு கொடுத்தால் பங்குனி, சித்திரையில் சிவப்பு எக்காளங்களை உயர்த்தும். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஃபுட்பால் லில்லி, கோடை மழையின் முதல் துளிகளுக்கு, நூற்றுக்கும் மேற்பட்ட சிறு பூக்கள் திரண்ட செந்நிறப் பந்தாகத் தரையைப் பிளந்துகொண்டு எழும். சில நாள் வியப்புக்குப் பிறகு ஆண்டின் மற்ற நாள்களில் வெறும் இலையும், பிறகு வெறும் மண்ணுமே மிஞ்சும். அந்தக் காலத்தில் தொட்டி காலியாக இருக்கிறது என்று எண்ணி அதில் கொத்தமல்லி விதைத்துவிடும் உறவினர்களிடமிருந்து அதனைக் காப்பது பெரும்பாடு.

அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு பால்கனியும் நான்கு தொட்டிகளும் மட்டுமே உடையவருக்கு நான் மழை லில்லியைத்தான் பரிந்துரைப்பேன். ஒரு லிலியம் கிழங்கின் விலையில் இதில் ஒரு கைப்பிடி வாங்கலாம். பெரும்பாலும் வாங்கவே வேண்டியிருக்காது, அண்டை வீட்டார் கொடுத்துவிடுவார்கள். வெள்ளை, மஞ்சள், ரோஜா நிறங்களில் கிடைக்கிறது. இரண்டு மூன்று வாரம் வறண்டு கிடந்த மண்ணில் ஒரு நல்ல மழை பெய்தால், சில நாள்களுக்குள் தொட்டி முழுவதும் ஒரே நேரத்தில் மொட்டு எழும். ஒரு பூவின் ஆயுள் ஓரிரு நாள்தான். ஆனால் அடுத்த மழைக்கு அடுத்த அணி தயாராக இருக்கும். இதன் பேரினப் பெயரான செபிராந்தஸ் என்பதற்கு மேற்குக் காற்றின் மலர் என்று பொருள். அமெரிக்கக் கண்டத்துச் செடிக்கு கிரேக்கச் சொல்லில் பெயரிட்டவர்கள் நம் தென்மேற்குப் பருவக்காற்றை எண்ணியிருக்க மாட்டார்கள். பெயர் என்னவோ இங்குதான் மிகவும் பொருந்துகிறது. ஓர் எச்சரிக்கை: இதன் கிழங்கு சின்ன வெங்காயத்தைப் போலவும், இலை பூண்டுத் தாளைப் போலவும் இருக்கும். உண்டால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். சமையலறைத் தோட்டத்தில் வெங்காயத்தாளுக்குப் பக்கத்தில் இதனை ஒருபோதும் வைக்கக் கூடாது.

கொஞ்சமேனும் தரைமண் உடையவருக்கு என் தேர்வு கிரைனம். எனக்கு மிகவும் விருப்பமான லில்லி எது என்று எவர் கேட்டாலும் இதையே சொல்வேன். தமிழில் விஷமூங்கில் என்றும், வட இந்தியாவில் சுதர்சன் என்றும் பெயர் பெற்றது. இந்தியக் கடற்கரைகளிலும் ஆற்றோரங்களிலும் தானாகவே வளரும் நம் மண்ணின் செடி. முழங்காலுக்கு மேல் உயரும் அகன்ற பசுந்தாள்களின் நடுவிலிருந்து தடித்த ஒரு தண்டு எழும். அதன் உச்சியில் இருபதுக்கும் குறையாத மொட்டுகள் கொத்தாக நிற்கும். வெள்ளை வகையில் இதழ்கள் நாடா போல மெலிந்து வளையும். பாலில் திராட்சை ரசத்தைக் கோடிட்டது போன்ற வரிகளுடைய வகையில் பூக்கள் மணி போலத் தலைசாயும். பகலில் இதன் அருமை தெரியாது. பொழுது சாய்ந்து விளக்கு ஏற்றும் நேரத்தில் மொட்டு அவிழ்ந்து மணம் பரவத் தொடங்கும். அந்துப்பூச்சிகள் தேடி வரும். பணி முடிந்து மாலையில் வீடு திரும்புவோருக்கு இதைவிடப் பொருத்தமான பூ வேறென்ன இருக்க முடியும்!

இந்தச் செடியின் சேமிப்புக் குணம்தான் என்னை மிகவும் கவர்ந்தது. ஆண்டு முழுவதும் இலை நிற்பதால் கிழங்கு நிரம்பிக்கொண்டே இருக்கிறது. குளிரையும் கேட்பதில்லை, உரத்தையும் வற்புறுத்திக் கேட்பதில்லை. இரண்டு மாதம் வெளியூர் சென்று திரும்பினாலும் கோபித்துக்கொள்ளாது. அடிக்கடி பெயர்த்து மாற்றி நடுவதை மட்டும் இது விரும்புவதில்லை. ஒரே இடத்தில் நெருங்கிப் பெருகவிட்டால்தான் நிறையப் பூக்கும். இதன் விதையும் விந்தையானது. சதைப்பற்றுள்ள பச்சை உருண்டையாக இருக்கும் அது, தன் நீரைத் தானே சுமந்துகொண்டிருப்பதால், மேசைமேல் வைத்த இடத்திலேயே மண் இல்லாமல் முளைவிடும். கடல்நீரில் மிதந்து சென்று வேறொரு கரையில் வேர்பிடிக்கவும் வல்லது.

குறைகள் இல்லாமல் இல்லை. ஒரு தூர் வளர்ந்துவிட்டால் ஒரு மீட்டர் சுற்றளவு இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தொட்டியில் வைத்தால் சில ஆண்டுகளில் தொட்டியை உடைத்துவிடும். பறித்துக் குடுவையில் வைத்தால் இதழ்கள் விரைவில் துவண்டுவிடும். மழைக்காலத்தில், கருத்த உடலில் வெள்ளை, ஆரஞ்சு நிறப் புள்ளிகளுடன் கம்பளிப்பூச்சிகள் கூட்டமாக வந்து இரண்டே இரவில் இலைகளைத் தின்றுவிடும். காந்தளையும் மழை லில்லியையும் தாக்குவதும் இந்தப் புழுவே. அதிகாலையில் கையுறை அணிந்து பொறுக்கிச் சோப்புக் கரைசலில் போடுவது, இலையின் அடிப்புறத்தில் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிப்பது ஆகியவை போதுமானவை. முழுவதும் தின்றுவிட்டாலும் கிழங்கில் இருப்பு உள்ளவரை செடி மீண்டும் துளிர்த்துவிடும். பெயருக்கேற்ப இதன் கிழங்கிலும் நஞ்சு உண்டு என்பதால் குழந்தைகளுக்குச் சொல்லிவைக்க வேண்டும். இது இருக்கும் இடத்தில் பாம்பு அண்டாது என்று சொல்லிக் கூடுதல் விலைக்கு விற்போரும் உண்டு; அந்தக் காரணத்துக்காக எவரும் இதனை வாங்க வேண்டாம். அடர்ந்த தூரின் அடியில் தவளை இருக்கும். தவளையைத் தேடிப் பாம்பு வருவதும் இயல்பே.

நர்சரியில் கிரைனம் கேட்டால், விலை குறைந்த செடி என்பதால் மூலையில் ஒதுக்கிவைத்த தொட்டியைக் காட்டுவார்கள். சில இடங்களில் இல்லை என்றே சொல்லிவிடுவார்கள். பழைய வீடுகளிலும் கோயில் நந்தவனங்களிலும் பெருந்தூர்களாக நிற்கின்றன. உரியவரிடம் கேட்டால் பக்கக் கிழங்கு ஒன்றைப் பெயர்த்துத் தர மறுக்கமாட்டார்கள். ஆனி, ஆடி மாதங்களில், மழை தொடங்கிய பின் நடுவது உகந்தது. கிழங்கின் கழுத்து மண்ணுக்கு வெளியே தெரியும்படி, அரைநாளாவது வெயில் படும் இடத்தில் நட வேண்டும். தொழுவுரம் இரண்டு கை போட்டால் போதும். இளங்கிழங்கு பூக்கும் அளவுக்குப் பருக்க இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். அதுவரை பூ வேண்டுமென்றால், அதே பாத்தியின் ஓரத்தில் மழை லில்லிக் கிழங்குகளை விரற்கடை இடைவெளியில் ஊன்றிவைக்கலாம்.